வடக்கில் மழை, புத்தூரில்?

கைத்தொலைபேசியின் வானிலைச் செயலியில் 'புத்தூர்' என்று தட்டினால் பல வேளைகளில் கர்நாடகத்துப் புத்தூர்தான் வந்து நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கடற்பக்கத்து ஊர் அது. ஆனி, ஆடியில் அங்கே கொட்டுகிற மழையைக் கண்டால் நம்மவர் பயந்துவிடுவார்கள். அதைத் தள்ளினால் ஆந்திரத்துப் புத்தூர் வரும். முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவதில் பேர்போனது, தமிழ்ப் படத்து நகைச்சுவைக்காரர் வரை அறிந்தது. திருச்சிக்குள்ளும் ஒரு புத்தூர் உண்டு. இத்தனையையும் விலக்கிக்கொண்டு தேடினால்தான், யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியில் நீர்வேலி, சிறுப்பிட்டி தாண்டி, ஆவரங்காலுக்கு முன்னால் இருக்கிற வலிகாமம் கிழக்குப் புத்தூர் அகப்படும்.

அகப்பட்ட பிறகும் திரையில் தெரிகிற மழை நம்முடைய மழைதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த எண்ணை யாரும் புத்தூரைப் பார்த்துச் சொல்லவில்லை. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி பூமி முழுவதையும் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அமெரிக்க மாதிரியின் கட்டம் அதைவிடப் பெரிது, 13 கிலோமீற்றர் அளவு. யாழ்ப்பாண மாவட்டம் தீவுகளையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீற்றர் சொச்சம். ஐரோப்பியக் கணக்கில் மாவட்டமே பன்னிரண்டு, பதின்மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும். புத்தூரும் அச்சுவேலியும் கோப்பாயும் உரும்பிராயும் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் ஒன்றாய்க் கிடக்கும். அந்தக் கட்டத்தின் சராசரியைத்தான் செயலி 'வியாழன் பி.ப. 3 மணி, 70 வீதம்' என்று அழகான மேகப் படத்தோடு காட்டுகிறது. 70 வீதம் என்பதையும் பலர் மழையின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மழை பெய்வதற்கான வாய்ப்பு மட்டும். ஒரு தூறலுக்கும் அதே 70 போடலாம், ஊரை மூடுகிற மழைக்கும் போடலாம்.

கொழும்பு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை இதற்கு மாறான வழியில் குறை வைக்கிறது. வடக்கு, வடமத்திய, கிழக்கு மாகாணங்களில் மழை. சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை. இடியுடன் கூடிய வேளைகளில் பலத்த காற்று. பொதுமக்கள் அவதானமாக இருக்கவும். வானொலியில் இதைக் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். சொன்னது பொய்ப்பதும் அரிது. மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரை ஐந்து மாவட்டம் கொண்ட மாகாணத்தில் 'சில இடங்களில்' எங்காவது பெய்துவிடத்தானே செய்யும்! பஞ்சாங்கம் இந்த விஷயத்தில் ஒருபடி மேல் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்தை எடுத்தால், வருடத்துக்கு எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்று பங்காவது பிரித்துத் தருவார்கள்.

வேடிக்கையை விட்டுப் பார்த்தால், ஒரு வாரத்துக்கு முன்னால் தாழமுக்கம் உருவாவதைச் சொல்லிவிடுகிற அளவுக்கு வானிலை அறிவியல் வளர்ந்துவிட்டது. மழை வருமா என்று கேட்டால் இன்று நம்பத்தக்க பதில் கிடைக்கிறது. தோட்டக்காரருக்கு அதற்கு அடுத்த கேள்விகள்தான் முக்கியம்: எவ்வளவு, எத்தனை மணித்தியாலத்தில், என் தறையில் விழுந்தால் அது எங்கே போகும்? இதற்குப் பதில் கொழும்பில் கிடையாது. புத்தூரில்தான் தேட வேண்டும்.

ஓர் ஊர், இரண்டு மண்

பருத்தித்துறை வீதியில் நின்றுகொண்டு மேற்கே நவக்கிரி, நிலாவரைப் பக்கம் நடந்தால் காலடியில் செம்மண். கிழக்கே மீசாலைக்குப் போகிற வீதியில் வாதரவத்தைப் பக்கம் இறங்கினால் நெல் வயல், தரவை, பிறகு நீரேரி. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. உயர வித்தியாசமும் கண்ணுக்கு எடுபடாது. குடாநாடே பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்குள் அடங்கிப்போன தட்டை நிலம். மழை விழுந்த மறுநாள் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்துக் கடல் விட்டுப்போன கல், வெடிப்பும் பொந்துமாகக் கிடக்கிறது. காலையில் 50 மில்லிமீற்றர் பெய்தாலும் பின்னேரம் பாத்தியில் இறங்கி வேலை செய்யலாம். வாதரவத்தைப் பக்கம் அதே 50 மில்லிமீற்றர் நாட்கணக்கில் நிற்கும். மேட்டிலிருந்து வடிகிற வெள்ளமும் அங்கேதான் வந்து சேரும். நீரேரி நிறைந்திருந்தால் அதற்கும் போக்கிடம் இல்லை. தொண்டைமானாற்றுக் கதவுகளைத் திறந்தார்களா, திறந்தும் கடல் தண்ணீரை வாங்கிக்கொள்கிறதா என்பதெல்லாம் வாதரவத்தை வயல்காரரின் வானிலைக்குள் அடக்கம். மேகத்தைப் பார்த்து மட்டும் சொல்லக்கூடிய கணிப்பு இது இல்லை.

ஒரு மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு தண்ணீர்? யாழ்ப்பாணத்துக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 253 சதுர மீற்றர். ஒரு பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 253 லீற்றர். 100 மில்லிமீற்றர் விழுந்தால் 25,000 லீற்றருக்கு மேல், அதாவது 5,000 லீற்றர் பவுசர் ஐந்தைக் கொண்டுவந்து ஒரே பரப்பில் கவிழ்த்த மாதிரி. நான்கு பரப்பு வெங்காயக்காரருக்கு இருபது பவுசர். அது ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்ல இறங்கினால் செம்மண் குடித்துவிடும். மூன்று மணித்தியாலத்தில் இறங்கினால் செம்மண்ணாலும் முடியாது. பாத்தி கரையும், நாற்று மிதக்கும், பிறகு வெயில் எறித்ததும் அழுகல் தொடங்கும். '100 மில்லிமீற்றர்' என்று மட்டும் சொல்கிற அறிக்கை இந்த இரண்டு நாட்களையும் ஒரே நாளாக்கிவிடுகிறது.

பயிருக்குப் பயிர் கணக்கும் மாறும். புகையிலை நாற்றுமேடைக்குக் கிடுகு சாத்தி ஒரு மழையைத் தாண்டலாம். நவம்பரில் ஊன்றிய உருளைக்கிழங்கு முளைக்கும் முன் தண்ணீர் நின்றால் விதைக்கிழங்கின் காசு போச்சு. வாழைக்கு மழை பொருட்டே இல்லை, காற்றுத்தான் எதிரி. நீர்வேலி, புத்தூர்த் தோட்டங்களில் குலை தள்ளிய மரம் முறிந்தால் ஒரு வருட உழைப்பு சாய்ந்துவிடும். வாதரவத்தையில் புழுதியில் விதைத்த நெல்லுக்கோ ஐப்பசி மழை பிந்தினாலே வயிற்றைக் கலக்கும். ஊருக்குள்ளேயே ஒருவர் மழையை வேண்டிக்கொண்டும் ஒருவர் போகச் சொல்லிக்கொண்டும் ஒரே கோயில் வாசலில் நிற்பது ஐப்பசி, கார்த்திகையில் சாதாரணம்.

நவம்பரின் கடைசி வாரம்

வருடத்தில் ஒரே ஒரு வாரத்துக்குத்தான் வானிலைக் கணிப்புத் தருவேன் என்று யாராவது சொன்னால் புத்தூர்க்காரர் நவம்பர் கடைசி வாரத்தைக் கேட்டு வாங்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை, கொழும்பில் விழுவதில் ஏறக்குறைய பாதி. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில் விழுந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையகத்தில் மோதி மழையாகிற மாதிரி, இங்கே காற்றைத் தூக்கி நிறுத்த ஒரு குன்றுகூட இல்லை. வங்கக்கடலின் தென்மேற்கு மூலையில் தாழமுக்கம் ஒன்று பிறந்து, சரியான பக்கத்தால் நம்மைக் கடந்தால் மழை. பிறக்காவிட்டாலோ, தள்ளிப் போனாலோ இல்லை. வருடத்தின் தண்ணீர் நான்கைந்து தாழமுக்கங்களின் கையில் இருக்கிறது. அவற்றில் பெரியவை பல கார்த்திகை நடுவில், இங்கிலீசுக் கணக்கில் நவம்பர் கடைசி வாரத்தில் வந்திருக்கின்றன.

2008ஐ எடுத்துக்கொள்வோம். நவம்பர் 25ஆம் திகதி தாழமுக்கம் நம் தலைக்கு மேலேயே நின்றது. யாழ்ப்பாணம் அன்று கண்ட மழையை இன்றும் மறக்கவில்லை. 'நிஷா' என்ற பெயர் அதற்கு 26ஆம் திகதிதான் வைக்கப்பட்டது. 27 அதிகாலை காரைக்கால் பக்கம் கரையேறியது. வன்னியில் அதே மழைக்குள் தறப்பாளுக்குக் கீழே இலட்சக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களுக்கு வானத்திலிருந்து விழுவது மழை மட்டுமாக இருந்தால் போதும் என்ற நிலை.

2024இலும் இதே கதை, இன்னும் தெளிவாக. நவம்பர் 26, 27இல் குடாநாடு வெள்ளத்தில் கிடந்தது. 25ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சை 27ஆம் திகதியிலிருந்து நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல்தான் மறுபடி தொடங்கியது. அப்போது அது வெறும் ஆழ்ந்த தாழமுக்கம். சவூதி அரேபியா கொடுத்த 'பெங்கல்' என்ற பெயர் 29ஆம் திகதி, அது நம்மைக் கடந்து தமிழ்நாட்டுக் கரைக்கு முன்னால் போய் நின்ற பிறகு வந்து சேர்ந்தது. 30ஆம் திகதி இரவு புதுச்சேரி அருகே கரையேறியது. யாழ்ப்பாணம் மூழ்கிய நாட்களில் புயல் என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை.

இதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. பெயர் வைப்பது காற்றின் வேகத்தைப் பார்த்து. நம்மைக் கெடுப்பது காற்றை விட மழை. அதிலும் வேகமாகப் போகிற புயலை விட, ஓரிடத்தில் குந்தியிருக்கிற தாழமுக்கம் கூடுதல் ஆபத்து. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய 'புரெவி' அதற்கு நல்ல சாட்சி. கரையேறிய நேரத்தில் எல்லோரும் காற்றுக்குப் பயந்தார்கள். அது மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, வலுவிழந்து, நகராமல் நின்றபோதுதான் யாழ்ப்பாணத்திலும் அந்தப் பக்கம் சிதம்பரத்திலும் தண்ணீர் ஏறியது. 'புயல் வலுவிழந்தது' என்று செய்தி வந்ததும் வானொலியை நிறுத்திவிட்டுப் படுத்தவர்கள் முற்றத்தில் தண்ணீரைக் கண்டு எழும்பினார்கள்.

பிறகு 2025. நவம்பர் 27, 28இல் 'டித்வா'. யேமன் கொடுத்த பெயர். சொக்கோத்திரா தீவின் கடற்கழி ஒன்றுடையது. புயல் இலங்கையின் கிழக்குக் கரையால் ஏறி, நாட்டின் மேலேயே ஊர்ந்து, வடக்கே நமது பக்கத்தால் கடலுக்குள் இறங்கியது. உயிரிழந்தவர்கள் 600க்கும் மேல்; மலையகத்தின் மண்சரிவுகள் அதில் பெரும்பங்கு. அதோடு ஒப்பிட்டால் யாழ்ப்பாணத்துக்கு வந்தது சிறு சேதம் என்றுதான் சொல்லவேண்டும். எச்சரிக்கை எப்போது கொடுக்கப்பட்டது, யார் அலட்சியம் செய்தார்கள் என்று பாராளுமன்றத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. தமிழில் எச்சரிக்கைகள் பிந்தியும் அரைகுறையாகவும் வந்தன என்ற குற்றச்சாட்டும் பலமாக எழுந்தது. இது புதிதாக எழுந்த முறைப்பாடும் இல்லை. வெள்ளத்துக்கு மொழி தெரியாது என்று யாராவது தத்துவம் பேச வந்தால், எச்சரிக்கைக்கு மொழி வேண்டும் என்று பதில் சொல்லி அனுப்பலாம்.

வெள்ளம் வடிந்ததோடு அந்த வாரம் முடிந்துவிடுவதும் இல்லை. 2024 வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. நிற்கிற தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்கிறவர்களைத்தான் அது பிடிக்கும். அதற்கடுத்து டெங்குவின் முறை. நவம்பர் கடைசி வாரத்து மழைக் கணிப்பு என்பது டிசம்பர் நடுப்பகுதிக்கான சுகாதாரக் கணிப்பும்தான். இரண்டையும் ஒரே அறிக்கையில் இன்னும் நாம் பார்க்கவில்லை.

போர்க்காலத்தில் இந்த வாரங்களைச் சனம் எப்படிக் கடந்தது என்று இளையவர்கள் கேட்கக்கூடும். மின்சாரம் இல்லை, பற்றரி தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். அதில் குண்டுச் செய்திக்குத்தான் முதலிடம், மழைச் செய்தி யாருக்கு வேண்டும்? 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது மழை கொட்டியது. அந்த இரவைச் சொல்கிறவர்கள் யாரும் மழையைச் சொல்லாமல் விடுவதில்லை.

நிலத்துக்கு அடியில் ஒரு வங்கிக் கணக்கு

இவ்வளவு கெடுதல் செய்கிற மழையை வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி புத்தூரைக் கட்டிவைத்திருப்பது கிணறு.

நிலாவரைக் கிணற்றை எல்லோருக்கும் தெரியும். இராமன் அம்பு எய்து உண்டாக்கினான், அடியே இல்லை, இங்கே போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்ற கதைகளோடு சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கும். 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் எமர்சன் ரெனன்ற் புத்தூரின் இந்தக் கிணற்றைக் குறிப்பிட்டிருக்கிறார். கதைகளைவிட வியப்பானது அதன் உள்ளமைப்பு: மேலே நன்னீர், கீழே இறங்க இறங்க உவர், அடியில் உப்பு. புத்தூர்க் கிணறுகள் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதும் இதே அடுக்குத்தான். நிலாவரையில் ஆழம் அதிகம் என்பதால் கண்ணுக்குத் தெரிகிறது.

மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு கிடக்கிறது. உப்புநீரைவிட நன்னீர் சிறிது இலேசானது. அந்தச் சிறிய வித்தியாசம்தான் நம்மை வாழவைக்கிறது. நிலத்தடி நீரியலில் ஒரு கணக்கு உண்டு: நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உப்பை அது அழுத்தி வைத்திருக்கும். இதைத் திருப்பிப் படித்தால் பயம் வரும். பம்ப் வைத்து இறைத்து அந்த ஓர் அடியைக் குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி எழும்ப இடம் கிடைக்கிறது. வைகாசி, ஆனியில் தோட்டத்துக் கிணறு 'சவர்' தட்டுவது இதனால்தான். கார்த்திகையில் விழுந்த ஒவ்வொரு மில்லிமீற்றரும் இந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ஆவணி வரை எடுப்பதெல்லாம் செலவு.

எவ்வளவு பெரிய வரவு என்பதற்கு ஓர் ஒப்பீடு. தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடி 40 இலட்சம் லீற்றர். பெரும் செலவில் கட்டிய திட்டம். ஆயிரம் பரப்பில், வெறும் அறுபத்திரண்டரை ஏக்கரில், 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2 கோடி 50 இலட்சம் லீற்றர். எல்லாம் கிணற்றுக்குப் போகாது, ஒரு பகுதி ஓடும், ஒரு பகுதி ஆவியாகும் என்பது சரிதான். ஆனாலும் மேட்டு நிலத்தில் குளத்தைத் தூர்த்துக் கட்டிய கட்டடங்களையும், ஒழுங்கைக்கு ஒழுங்கை போட்ட கொங்கிறீற்றையும், மழையைக் கண்டதும் வெட்டிக் கடலுக்கு விடுகிற வாய்க்கால்களையும் பார்க்கும்போது, பவுசர் பவுசராய்க் காசைக் கொட்டுகிறோம் என்றே தோன்றுகிறது. குளமும் கேணியும் நிறைந்து வெள்ளம் கீழே இறங்கட்டும் என்று முன்னோர் விட்டுவைத்த பள்ளங்கள் மண் போட்டு நிரப்பக் கிடைத்த மலிவுக் காணிகளாகிவிட்டன. இதில் பிரதேச சபையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காணி வாங்கியவர்களும் நாம்தான்.

முதல் மழை கொண்டுபோவது தண்ணீரை மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் கொட்டிய யூரியாவின் மிச்சமும் அதோடு கல்லுக்குள் இறங்குகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்த இரண்டு நாளில் பெருமழை என்று தெரிந்தால் அன்று உரம் போடாமல் விடுவது பணத்துக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது. வாராந்தக் கணிப்பால் உடனே கிடைக்கக்கூடிய பயன் இது. கமநல சேவை நிலையத்தின் பலகையில் எழுத ஒரு வரி போதும்.

யார் சொல்வதைக் கேட்பது?

இன்று யாழ்ப்பாணத்தில் மழைக்காலம் என்றால் முகநூலில் பலர் தேடுவது யாழ். பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா எழுதுவதை. தாழமுக்கம் எங்கே உருவாகிறது, எந்தத் திகதியில் நமக்கு மழை கூடும், விவசாயி என்ன செய்யலாம் என்று தமிழில், ஊரின் தேவையை அறிந்து சொல்கிறார். தமிழ்நாட்டில் பிரதீப் ஜோன் செய்கிற வேலைக்கு ஒப்பானது. தனிமனிதர் ஒருவர் எழுதுவதை நம்பி ஒரு மாகாணம் நடப்பது அவருக்குப் பெருமை, திணைக்களத்துக்கு அவ்வளவு பெருமை இல்லை.

திணைக்களத்தின் கையும் வெறுங்கைதான். மேகத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது எந்தப் பக்கம் போகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் காட்டுவது டொப்ளர் ராடார். தெனியாயவுக்கு அருகே கொங்கலை மலையில் ஒன்றை வைக்க முனைந்து, மலைக்கு ஏற்றும்போதே அது சேதமாகிப் போன கதை நாடறிந்தது. பிறகு புத்தளத்திலும் பொத்துவிலிலும் இரண்டு ராடார்கள் அமைக்க 2017இல் ஜப்பானிய உதவி உடன்படிக்கையானது. அதற்குப் பிறகு எத்தனை நவம்பர்கள் போயின!

நமக்கோ அக்கரையில் ஒரு ராடார் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் டொப்ளர் ராடாருக்கும் புத்தூருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கொழும்பு 300 கிலோமீற்றருக்கு அப்பால். காரைக்காலின் படம் இணையத்தில் எவரும் பார்க்கக் கிடைக்கிறது. வங்கக்கடலிலிருந்து வருகிற மழைக்கூட்டம் பருத்தித்துறைக்கு நேரே வருகிறதா, முல்லைத்தீவுப் பக்கம் இறங்குகிறதா என்பதை இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னால் அதில் காணலாம். பூமியின் வளைவால் அந்த அலை நமக்கு மேலே வரும்போது ஏறத்தாழ 2 கிலோமீற்றர் உயரத்தில் போகிறது. தாழ்வான மேகத்துத் தூறலை அது தவறவிடலாம், பெருமழையை விடாது. வாரக் கணிப்பைக் கொழும்பிலும், அன்றைய கணிப்பைக் காரைக்காலிலும் பார்த்துக்கொள்வது புத்தூர்க்காரருக்கு நடைமுறையில் சரிவரும்.

இரண்டாலும் முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது: விழுந்த மழையை அளப்பது. திணைக்களம் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து முந்திய 24 மணித்தியாலத்துக் கணக்கை எழுதும். 9 மணிக்குப் பெய்தது நாளைக் கணக்கு. யாழ்ப்பாண நிலையத்தின் எண்ணைத்தான் புத்தூரின் மழையாகவும் பத்திரிகைகள் போடுகின்றன. இடிமழைக் காலத்தில் கோப்பாய் நனைய, புத்தூர் புழுதியோடு கிடப்பதை நாம் காணாததா? ஊருக்குள் மேட்டில் ஒன்று, வாதரவத்தையில் ஒன்று என்று இரண்டு மழைமானிகள் பத்து வருடம் ஓடினால், '100 மில்லிமீற்றர்' என்று அறிக்கை வரும்போது எந்த ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று நாமே சொல்லலாம். இதற்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை. நேர்ப்பக்கம் உள்ள எந்தத் தகரப்பேணியையும் மரமும் கூரையும் மறைக்காத வெளியில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தைப் பார்த்தால் அதுவே மில்லிமீற்றர். பேணியின் வாய் பெரிதானாலும் சிறிதானாலும் உயரம் மாறாது. ஸ்ரீ சோமாஸ்கந்தாக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொன்னால் எழுதுவார்கள். பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தையும் வாரம் ஒருமுறை அதே கொப்பியில் எழுதினால், எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் ஏறியது என்ற, யாரும் நமக்குச் சொல்லித் தராத கணக்கு கையில் வந்துவிடும்.

மற்ற மாதங்களின் வாரக் கணிப்பில் இவ்வளவு சிக்கல் இல்லை. சித்திரையில் சூரியன் தெற்கிலிருந்து ஏறி, புதுவருடத்தை ஒட்டிய நாட்களில் குடாநாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும். நடுமதியத்தில் தூணுக்கு நிழல் இல்லை. ஓகஸ்ட் கடைசியில் இறங்கும்போது இன்னொரு முறை. அந்தக் காலத்தில் தோட்ட வேலையை 11 மணிக்குள் முடிப்பதற்கு அறிக்கை பார்க்கத் தேவையில்லை. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை சோளகம் வீசும்; மழை தராது, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், இறைப்புச் செலவு ஏறும். அந்த மாதங்களில் காற்றின் வேகம் ஒன்றைச் சொன்னாலே வாழைக்கு முட்டுக் கொடுப்பவருக்குப் போதும்.

தை மாதத்து வாரங்கள்தான் யாரும் கவனிக்காதவை. மழை ஓய்ந்தது என்று வானிலைச் செய்தியிலிருந்து எல்லோருடைய கண்ணும் விலகிவிடும். வாதரவத்தையில் அப்போதுதான் நெல் முற்றிச் சாய்ந்து கிடக்கும். காலத்துக்குப் பிந்திய ஒரு தாழமுக்கம் தையில் வந்து இரண்டு நாள் நின்றால், நாலு மாதம் காத்த கதிர் வயலிலேயே முளைவிடும். பனி விழுகிற காலையில் வெட்டவும் முடியாது; வெயில் ஏறும்வரை மிசின் வரம்பில் நிற்கும். வெட்டு மிசினுக்கு ஊரெல்லாம் ஒரே நேரத்தில் அடிபடுவதால் நாள் கேட்டு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்த நாளில் மழை வந்தால் அடுத்த முறை கிடைக்க ஒரு கிழமை போகும். பொங்கல் முடிந்த கையோடு அந்த வயல்காரர் அறிக்கையில் தேடுவது ஒன்றே ஒன்று: இந்தக் கிழமைக்குள் தொடர்ந்து மூன்று நாள் வெயில் எந்தத் திகதியில் தொடங்குகிறது?